பழைய மோட்டார் சைக்கிளின் சில்லுகள்: மறுபடி குறோமா, பெயின்றா, பவுடரா, புது றிம்மா?

ஒரே மாதத்தில் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். காரைநகர்த் தம்பி ஒருவரிடம் தகப்பனார் விட்டுப்போன ஹொண்டா சி 70 இருக்கிறது. கொக்குவிலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பி.எஸ்.ஏ. பான்டம் ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறார். நெல்லியடியில் ஒருவர் தினமும் வேலைக்குப் போய்வரவென்றே ஒரு ஹொண்டா சிடி 125ஐத் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறார். மூவருக்கும் எஞ்சின் வேலை முடிந்துவிட்டது, பெற்றோல் ராங்கிக்குப் பெயின்ற் அடித்தாகிவிட்டது. சில்லில் வந்து நிற்கிறார்கள். கறள் பிடித்த றிம்மை, அதாவது ரயர் உட்காரும் வளையத்தை, மறுபடி குறோம் போடுவிப்பதா, பெயின்ற் அடிப்பதா, பவுடர் கோட்டிங் செய்விப்பதா, புது றிம் வாங்குவதா?

இந்த வண்டிகள் நமக்கு வெறும் இரும்பில்லை. தொண்ணூறுகளில் போர்த் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில் கார்பரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, மீதித் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் இவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 தொடக்கம்வரை புது வண்டி வராமல் இருந்தபோது, வீட்டுக் கோடியில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தவை திரும்பவும் வெளியே வந்தன. அதனால் சில்லு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். ராங்கிக்கு அடித்த நிறம் பிடிக்காவிட்டால் இன்னொரு முறை அடிக்கலாம். றிம் தேய்ந்து மெலிந்தால் அது திரும்பி வராது.

முதலில் ரயரைக் கழற்றுங்கள்

எந்த வழியைத் தெரிவதென்றாலும் ரயரையும் ரியூப்பையும் கழற்றிவிட்டு, றிம்மின் உள்பக்கத்தைப் பார்த்த பிறகே தெரிவுசெய்ய வேண்டும். இதை நான் பட்டுத்தான் படித்தேன்.

என்னுடைய முதல் சி 70இன் பின்சில்லு வெளியே பார்க்க அவ்வளவு மோசமில்லை. கம்பிகளின் அடியில் கொஞ்சம் கறள், விளிம்பில் சில புள்ளிகள். குறோம் போட்டால் போதும் என்று முடிவுசெய்துவிட்டேன். விறாந்தையில் வைத்து ரயரைக் கழற்றினேன். உள்ளே நிப்பிள்களின் (கம்பியை றிம்மோடு இறுக்கும் சிறு மரைகளின்) தலையை மூடும் இறப்பர் பட்டி றிம்மோடு ஒட்டிப்போய் இழுத்ததும் துண்டு துண்டாக வந்தது. அதன் அடியில் கறள் பொரிந்த அப்பளம்போல் எழும்பி நின்றது. ஸ்குறூ டிறைவர் நுனியால் சுரண்டச் சுரண்ட ஓடு ஓடாகக் கழன்று விழுந்தது. வால்வுத் துளைக்குப் பக்கத்தில் நுனி அப்படியே மறுபக்கம் போய்விட்டது. வெளியே பளபளப்பு, உள்ளே ஓட்டை. அந்த றிம்மைக் குறோம் போடக் கொடுத்திருந்தால் காசும் போய், ஓட்டையும் மிஞ்சியிருக்கும்.

உள்பக்கம் முதலில் கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. மின்பூச்சுப் போடும்போது மின்சாரம் மேடான இடத்துக்குத் தாராளமாகப் போகும், பள்ளத்துக்குள் குறைவாகவே போகும். றிம்மின் நடுப்பள்ளத்தில் தொழிற்சாலையிலேயே மெல்லிய பூச்சுத்தான் விழுந்திருக்கும். நிப்பிள் துளைகளாலும் வால்வுத் துளையாலும் நுழையும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே கிடக்கும். நம்முடைய தண்ணீரையும் சேர்த்து யோசியுங்கள். சுண்ணக்கல்லில் ஊறிய கிணற்றுத் தண்ணீர், கரையோரம் என்றால் சவர்த் தண்ணீர். மாரியில் வாடைக் காற்று வீசும்போது பண்ணைப் பாலத்தாலோ பொன்னாலைப் பாலத்தாலோ போனால் கடல்தண்ணீரே சில்லில் தெறிக்கும்.

எவற்றை வைத்து எடைபோடுவது

நான் ஐந்தைப் பார்ப்பேன். கறள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது? வண்டி எங்கே ஓடப்போகிறது, உப்புக்காற்று எவ்வளவு? அந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்தது? பிறகு ஒரு கீறல் விழுந்தால் அதை யாழ்ப்பாணத்திலேயே திருத்த முடியுமா? கடைசியாக, மொத்தச் செலவு என்ன?

மொத்தச் செலவு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், றிம்முக்கு என்ன செய்வித்தாலும் கம்பிகளைக் கழற்றித் திரும்பக் கோர்க்க வேண்டும். கோர்த்து, நெளிவு எடுத்து, நடுவில் நிறுத்துவது பொறுமையான கைக்காரரின் வேலை. பக்கவாட்டு ஆட்டமும் மேல்கீழ் ஆட்டமும் 2 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது என்று ஹொண்டாவின் திருத்தக் கையேடுகள் சொல்கின்றன. நல்ல கைக்காரர் அதிலும் பாதிக்குள் கொண்டுவருவார். அவருடைய கூலி, புதுக் கம்பி, புது நிப்பிள், றிம் பட்டி, கழற்றியபோது பிய்ந்த ரயர், போக்குவரத்து எல்லாவற்றையும் கூட்டினால் பூச்சின் விலை பல சமயம் மொத்தத்தில் பாதியாகத்தான் இருக்கும். "குறோம் இவ்வளவு, பெயின்ற் இவ்வளவு" என்று இரண்டு விலையை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

மறுபடி குறோம்

எல்லோருக்கும் முதலில் மனம் போவது இதற்குத்தான். வெயிலில் சுழலும் குறோம் றிம்முக்கு ஈடான வடிவு வேறில்லை, அதை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் அந்தப் பளபளப்பு என்னவென்று தெரிந்துகொண்டு போங்கள். மேலே தெரியும் குறோம் படலத்தின் தடிப்பு பெரும்பாலும் அரை மைக்ரோனுக்கும் குறைவு. ஒரு தலைமயிரின் தடிப்பு எழுபது மைக்ரோன் அளவில் இருக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கறளைத் தடுப்பது அதற்கு அடியில் இருக்கும் நிக்கல். வெளியில் ஓடும் வண்டிக்கு அது இருபது, முப்பது மைக்ரோன் வரையாவது இருக்க வேண்டும். குறோம் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. நிக்கல் மெலிதாக இருந்தால் உப்பு அந்த வெடிப்புகளால் இறங்கி ஒரே மாரியில் இரும்பைத் தொட்டுவிடும்.

எனவே பூச்சுக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அண்ணை, நிக்கல் எவ்வளவு நேரம் விடுவீங்கள்?" என்பதுதான். குறோம் எவ்வளவு என்று கேட்பதில் பயனில்லை. இரண்டாவது, செம்புப் பூச்சுப் போட்டுத் தேய்த்துவிட்டு நிக்கல் போடுவாரா, இரும்பின் மேல் நேராகவே போடுவாரா என்பது. கறள் குழிகள் உள்ள றிம்மில் செம்பு நல்ல உதவி. சிறு குழிகளை அது நிரப்பும்.

மறைந்த செலவு தேய்ப்பில் இருக்கிறது. பழைய குறோமைக் கழற்றிய பிறகு குழிகள் மறையும்வரை இரும்பை மெருகுச் சக்கரத்தில் பிடிப்பார்கள். கண்ணாடிபோல் வர வேண்டும் என்றால் குழியின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள இரும்பும் போக வேண்டும். றிம்மோ மெல்லிய தகடு. எனக்குத் தெரிந்த ஒருவர் கொழும்பில் ஓர் இடத்தில் கொடுத்து எடுத்த றிம் கண்ணைப் பறித்தது. கம்பி இறுக்கும்போது இரண்டு நிப்பிள்கள் துளையோடு உள்ளே இழுத்துக்கொண்டு வந்துவிட்டன. அத்தனை மெலிந்திருந்தது. அதே றிம்மில் பழைய ஜப்பான் முத்திரையும் தேய்ந்து போயிருந்தது. அதைத்தான் அவர் அதிகம் நினைத்து வருந்தினார்.

இன்னொரு விஷயம், இந்த வேலைக்குப் பெரும்பாலும் கொழும்புவரை போக வேண்டியிருக்கும். சுமார் 400 கிலோமீற்றர் பஸ்ஸில் பொதியாகப் போய்வரும் றிம்மை அட்டை சுற்றி, இரண்டையும் முகத்துக்கு முகம் கட்டாமல் தனித்தனியாக அனுப்புங்கள். ஒன்றோடொன்று உரசினால் புதுக் குறோமில் கீறலோடுதான் வரும்.

பழைய கம்பிகளைக் குறோம் போட அனுப்பவே வேண்டாம். அமிலத் தொட்டியிலும் மின்பூச்சுத் தொட்டியிலும் உண்டாகும் ஹைட்ரஜன் வலுவான உருக்குக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவரும். அழகாக மின்னும் கம்பி ஓட்டத்தில் சட்டென்று முறியும்.

குறோம் சரியாக வரும் இடம் எது? குழி ஆழமில்லாமல் மேல்தோல் மட்டும் கெட்ட றிம், உள்பக்கம் உறுதியாக இருக்க வேண்டும், வண்டி உள்ளூரில் நல்ல நாளில் ஓட வேண்டும், உடையவர் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கும் ஆளாக இருக்க வேண்டும். இத்தனையும் பொருந்தினால் யோசிக்காமல் செய்யுங்கள். றிம் திரும்பி வந்ததும் கம்பி கோர்க்குமுன் உள்பள்ளத்துக்கு எப்பொக்ஸி பிறைமர் என்ற அடிப்பூச்சை இரண்டு தரம் பூசிவிடுங்கள். யாரும் பார்க்காத அந்த இடத்தில்தான் ஆயுள் இருக்கிறது.

பெயின்ற்

"குறோம் றிம்முக்குப் பெயின்றா? ஏழ்மை வேலை" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. வரலாறு வேறு சொல்கிறது. பி.எஸ்.ஏ. பான்டம் 1948இல் வந்தது. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.ரி. 125 வண்டியின் வரைபடம் போர் இழப்பீடாகப் பிரிட்டனுக்குப் போய் உருவான வண்டி அது. சில ஆண்டுகளில் கொரியப் போர் வந்தது, நிக்கல் தட்டுப்பாடானது. 1951, 1952 அளவில் பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் குறோமைக் குறைத்து, பல றிம்களை வெள்ளிநிறப் பெயின்ற் அடித்தே வெளியே அனுப்பின. அந்த ஆண்டுகளின் பிரிட்டிஷ் வண்டிக்குக் குறோம் போட்டால் அதை அசலிலிருந்து விலக்குகிறோம் என்றே ஆகலாம். உங்கள் வண்டியின் ஆண்டை எஞ்சின், சட்டக இலக்கங்களை வைத்து உறுதிசெய்த பிறகு முடிவெடுங்கள்.

பெயின்றின் பெரிய பலம், இங்கேயே அடிக்கலாம், இங்கேயே திருத்தலாம். ரயர் மாற்றும்போது லீவர் பட்டு ஒரு கீறல் விழுந்ததா? சுரண்டி, பிறைமர் தொட்டு, சிறு தூரிகையால் நிறம் வைத்தால் முடிந்தது. குறோமிலும் பவுடரிலும் இந்த வசதி கிடையாது. ஆழமான குழிகளையும் புட்டியால் நிரப்பலாம். அதனால் றிம்மைத் தேய்த்து மெலியவைக்கும் தேவை இல்லை.

பலவீனம் அடியில் இருக்கிறது. மிச்சமிருக்கும் குறோமின் மேல் பெயின்ற் பிடிக்காது. சாண்ட் பேப்பரால் மேலோட்டமாகத் தேய்த்துவிட்டு அடித்தால் முதல் கோடையில் தோல் உரிவதுபோல் பட்டையாகக் கழன்று வரும். குறோமை முழுதாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் கரடுமுரடாக்கும் அளவுக்கு மணல் வீசித் தேய்க்கும் பிளாஸ்ரிங் செய்விக்க வேண்டும். அதன் பிறகு கறள் மாற்றும் திரவம், எப்பொக்ஸி பிறைமர், கடைசியில் இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பொலியுரேத்தேன் பெயின்ற். இந்தக் கடைசிப் பெயின்றின் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேற் நுரையீரலுக்குக் கெடுதல். துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அடிப்பதைப் பார்த்திருக்கிறேன், அது எந்தப் பாதுகாப்பும் தராது. தகுந்த வடிகட்டி உள்ள முகமூடி இல்லாவிட்டால் பெயின்ற் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடித்தால் பெயின்ற் பால்போல் வெளிறிவிடும். சோழகம் (தென்மேல் காற்று) வீசும் மாதங்களில் புழுதி ஒட்டும். பங்குனி, சித்திரையில், காலை வேளையில், நிலத்துக்குத் தண்ணீர் தெளித்த மூடிய அறையில் அடித்த சில்லுகள்தான் எனக்கு நன்றாக வந்தவை. அடித்து முடிந்ததும் கம்பி கோர்க்க ஆசை வரும். இரண்டு கிழமையாவது பொறுங்கள். காயாத பெயின்றில் நிப்பிள் திரும்பினால் வளையமாகக் கிழிக்கும். நிப்பிள் உட்காரும் இடத்தில் கொஞ்சம் கிறீஸ் தொட்டு இறுக்குவது நல்லது.

பாலம் தாண்டி ஓடும் வண்டிக்கும், தினமும் ஓடும் வண்டிக்கும் என் முதல் தெரிவு பெயின்ற்தான்.

பவுடர் கோட்டிங்

தூளை மின்னேற்றித் தெளித்து, 180 முதல் 200 பாகை செல்சியஸ் அளவில் சூளையில் உருக்கி ஒட்டவைப்பது. அலுமினியக் கதவு, யன்னல்களில் எல்லோரும் பார்த்ததுதான். பூச்சுத் தடிப்பு அறுபது முதல் நூறு மைக்ரோன் அளவில் வரும். கல் தெறித்தால் பெயின்றைவிடத் தாங்கும். வேலை சீக்கிரம் முடியும்.

கம்பிச் சில்லுக்கு இதை நான் அவ்வளவாக விரும்புவதில்லை. தடித்த பூச்சு நிப்பிள் உட்காரும் குழியில் மெத்தைபோல் இருக்கும். ஓட ஓட அது நசுங்கும், கம்பி இளகும். நிப்பிள் திருப்பும் இடத்தில் ஒருமுறை வெடித்தால் தண்ணீர் அதன் அடியால் ஊர்ந்து போகும். மேலே தோல் முழுசாக இருக்க, அடியில் கறள் பரவிக்கொண்டிருக்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஒரு இடத்தை மட்டும் திருத்த முடியாது, முழுவதையும் கழற்றித் திரும்பச் செய்விக்க வேண்டும். றிம்மில் பதித்த அளவு, முத்திரை எல்லாம் பூச்சுக்குள் புதைந்துவிடுவதும் பழைய வண்டிக்காரருக்கு இழப்பே.

செய்விப்பதென்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். தூள் பொலியெஸ்ரரா, எப்பொக்ஸியா? எப்பொக்ஸி நம் வெயிலில் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளுத்துவிடும், வெளியே பொலியெஸ்ரர்தான் வேண்டும். அடியில் துத்தநாகம் கலந்த பிறைமர் போடுவார்களா? நிப்பிள் குழிகளையும், ஹப் (சில்லின் நடுக்குடம்) கொடுத்தால் பிறேக் டிறம்மின் உள்முகத்தையும் மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். பெயாரிங், சீல் எல்லாம் கழற்றிய பிறகே சூளைக்குப் போக வேண்டும். ஹப், ஸ்ராண்ட், செயின் மூடி போன்ற உறுப்புகளுக்குப் பவுடர் அருமையானது. என் எதிர்ப்பு கம்பி கோர்க்கும் றிம்முக்கு மட்டும்தான்.

புது றிம்

உள்பக்கம் ஓட்டை விழுந்த றிம்முக்கு வேறு வழி இல்லை. வெல்டிங் வைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

கடையில் கிடைக்கும் குறோம் றிம்களைக் கொழும்பின் வாகன உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் இங்கே நகரத்தில் வாங்கினாலும் மூன்றைச் சரிபாருங்கள். அளவு: சி 70இல் 17 அங்குலம், அகலம் 1.20 என்று பழைய றிம்மிலேயே பதித்திருக்கும். பிரிட்டிஷ் வண்டிகளில் டபிள்யூ.எம். 1, டபிள்யூ.எம். 2 என்று இருக்கும், முறையே 1.60, 1.85 அங்குல அகலம். அடுத்தது துளைகளின் எண்ணிக்கை. மூன்றாவதைத்தான் பலர் பார்ப்பதில்லை: துளைக் குழியின் சாய்வு. சிறிய ஹப்புக்கு ஒரு சாய்வு, பெரிய டிறம் ஹப்புக்கு வேறு சாய்வு. பொருந்தாவிட்டால் கம்பி நிப்பிளின் வாயில் வளைந்து நிற்கும், சில மாதங்களில் அங்கேயே முறியும்.

விலை குறைந்த புது றிம்மின் குறோம் பழைய ஜப்பான் குறோமுக்குக் கிட்டவும் வராது. அதனால் வாங்கிய அன்றே உள்பக்கத்துக்கு எப்பொக்ஸி பூசுங்கள். பழைய றிம்மில் டி.ஐ.டி. அல்லது தக்காசாகோ என்ற ஜப்பான் கம்பனிகளின் முத்திரை இருந்தால் வீசாமல் ஒயில் பூசிக் கட்டித் தொங்கவிடுங்கள். வண்டியின் அசல் உறுப்பு அது.

அலுமினிய றிம் போடலாமா என்றும் கேட்கிறார்கள். பாரம் குறையும், செங்கறள் வராது. உப்புக்காற்றில் இரும்பு நிப்பிளோடு சேரும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்து அரிக்கும். பழைய வண்டியின் முகமும் மாறிவிடும். நான் போடமாட்டேன்.

கம்பிகள்

துத்தநாகப் பூச்சுள்ள கம்பி மங்கலாக இருக்கும், ஆனால் நேர்மையாக உழைக்கும். ஸ்ரெயின்லெஸ் கம்பி பளபளக்கும், விலை கூட. நிப்பிளோடு மரை இறுகிப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு, எனவே மரையில் கிறீஸ் அவசியம். கழற்றுமுன் கம்பி எப்படிக் குறுக்கே போகிறது என்று நாலு பக்கமும் படம் எடுங்கள். றிம் ஹப்புக்கு எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று நேர்ச்சட்டம் வைத்து அளந்து சுவரில் எழுதுங்கள். தாளில் எழுதினால் தொலையும்.

மூவருக்கும் சொன்னது

கொக்குவில் ஆசிரியரின் பான்டத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்தோம். முன்றிம்மில் குறோமின் சுவடே இல்லை. நிப்பிள் ஒன்றைத் திருப்பியபோது அடியில் வெள்ளிநிறப் பெயின்ற் வட்டமாக அப்படியே இருந்தது. எழுபது ஆண்டாக அந்த நிப்பிள் மூடிக் காத்த நிறம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் குனிந்து பார்த்தார். பிறகு குறோம் பற்றி அவர் கதைக்கவே இல்லை. அந்த நிறத்துக்குப் பொருத்திப் பெயின்ற் அடிக்கிறார்.

நெல்லியடிக்காரருக்கு நேரம்தான் காசு. வண்டி ஒரு மாதம் நின்றால் வேலைக்குப் போக வழியில்லை. புது றிம், துத்தநாகக் கம்பி, உள்ளே எப்பொக்ஸி. ஒவ்வொரு சில்லாக மாற்றச் சொன்னேன். பழைய றிம்கள் இரண்டையும் வீட்டு முகட்டு வளையில் கட்டியிருக்கிறார்.

காரைநகர்த் தம்பிதான் கடினம். "அண்ணை, அப்பா ஓடேக்க சில்லு மின்னும். எனக்கு அப்பிடித்தான் வேணும்" என்றார். தினமும் பொன்னாலைப் பாலத்தால் ஓடும் வண்டிக்குக் குறோம் நல்லதில்லை என்று எனக்குத் தெரியும். அப்படிச் சொல்பவரிடம் பெயின்ற் அடி என்று எப்படிச் சொல்வது? றிம்மைப் பார்த்தேன். குழி ஆழமில்லை, உள்பக்கம் உறுதி. அப்பாவின் றிம்மைச் செம்போடு நல்ல நிக்கல் விட்டுக் குறோம் போடுவித்து, உள்பக்கம் பூசி வைத்துக்கொள்ளச் சொன்னேன். தினசரி ஓட்டத்துக்கு இன்னொரு சோடி ஹப்பும் றிம்மும் தேடிப் பெயின்ற் அடித்துக் கோர்க்கலாம். சி 70க்குப் பழைய ஹப் கிடைப்பது கஷ்டமில்லை. செலவு கூடத்தான். இரண்டு தவணையாகச் செய்யலாம் என்று கணக்குப் பார்த்தோம்.

பெயின்ற் சில்லு முதலில் தயாராகிவிட்டது. முதல் நூறு கிலோமீற்றர் ஓடியதும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். புதிதாகக் கோர்த்த கம்பிகள் அந்தத் தூரத்துக்குள் இளகும். ஒவ்வொன்றாக நிப்பிள் இறுக்கும் சாவியால் தட்டி, மந்தமாகக் கேட்பதை இறுக்க வேண்டும்.